மாமா அனுப்பிய பட்டியல்

அன்புள்ள மாமா,

உங்களுக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் நீங்கள் அந்தப் பட்டியலைப் போட்டது குடும்பக் குழுவில். நாற்பது பேர் பார்த்தார்கள், பாதிப் பேர் கைதட்டினார்கள். அதனால் நானும் நாலு பேர் படிக்கிற இடத்திலேயே பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். சின்ன வயதில் உங்கள் வட்டிக் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தால் எட்டணா கொடுத்த ஆள் நீங்கள்.

அமெரிக்காவில் எந்த வம்சாவளிக் குடும்பம் வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது என்கிற பட்டியல் அது. இந்தியர்கள் உச்சியில். கைதட்டல் அதற்குத்தான். ஆஸ்திரிய வம்சாவளிக்காரர்கள் நல்ல உயரத்தில் இருக்கிறார்கள், வியட்நாமியர்கள் அவர்களுக்குக் கீழே. அடியில் நீங்கள் எழுதியிருந்தீர்கள்: "இரண்டும் போரில் அடிபட்ட நாடு. ஒருத்தன் எழுந்துவிட்டான், ஒருத்தன் பாதியில் நிற்கிறான். எல்லாம் பண்பாடு."

நான் சான் ஹொசேயில் வரிக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். வியட்நாமுக்கு வெளியே ஒரே நகரத்தில் அதிக வியட்நாமியர்கள் இருப்பது இங்கேதான். ஒரு லட்சத்துக்கு மேல், ஊரில் பத்துக்கு ஒருவர். பிப்ரவரி பிறந்தால் என் மேசைக்கு எதிரே உட்காருபவர்களில் பாதி அவர்கள்தான். ஆஸ்திரிய வம்சாவளி என்று எனக்குத் தெரிந்த வாடிக்கையாளர் ஒரே ஒருவர். போன மார்ச்சில் ஒரு வியட்நாமிய வீட்டுக் கணக்கையும் அவர் கணக்கையும் ஒரே வாரத்தில் முடித்தேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன், தொழில் தர்மம்.

முதலில் பெரியவர். எண்பதைத் தொட்டவர். காகிதங்களை வரிசையாக அடுக்கி, பின் போட்டு, மேலே பென்சிலில் கூட்டுத்தொகை எழுதிக் கொண்டுவருவார். அவருடைய தாத்தா ஸ்டேகர்ஸ்பாக் என்ற ஊரிலிருந்து முதல் உலகப் போருக்கு முன்பே கப்பல் ஏறி, பென்சில்வேனியாவில் நார்தாம்ப்டனில் சிமென்ட் ஆலையில் சேர்ந்தார். அந்தப் பக்கத்துக்காரர்கள் ஏராளமானோர் அப்படித்தான் போனார்கள், சிலர் நார்தாம்ப்டனுக்கு, பலர் சிகாகோவுக்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாத்தா கிளம்பியபோது அந்த ஊர் ஹங்கேரியில் இருந்தது. பூர்கன்லாண்ட் என்ற பெயரில் அது ஆஸ்திரியாவோடு சேர்ந்தது 1921-இல். ஆக, தாத்தா ஆஸ்திரியாவில் ஒருநாள்கூடக் குடியிருந்ததில்லை, பேரன் ஆஸ்திரிய வம்சாவளி.

தாத்தாவுக்குச் சிமென்ட் தூசி. அப்பா இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பி, 1944-இல் வந்த படைவீரர் சட்டத்தின் உதவியில் கல்லூரியில் படித்தார், குடும்பத்தில் முதல் ஆளாக. இவர் இன்ஜினியர். 1974-இல் இங்கே வீடு வாங்கினார். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். வருமானம் ஓய்வூதியம், சோஷியல் செக்யூரிட்டி என்கிற அரசாங்க பென்ஷன், பங்குகளில் வரும் ஈவுத்தொகை.

அடுத்தது அக்கா. வியட்நாமியர்களும் நம்மைப் போலத்தான், பேர் சொல்லி அழைப்பதைவிட முறை சொல்லி அழைப்பார்கள். நான் அவரைச் 'சி' என்பேன், அக்கா. அவர் என்னை 'எம்' என்பார், தங்கை. செருப்புப் பெட்டி நிறைய ரசீதுகளோடு வருவார். அசிட்டோன், பஞ்சு, கையுறை, கால் கழுவும் நாற்காலிக்கு மோட்டார் மாற்றிய பில். அவர்களுடைய புத்தாண்டு முடிந்த கையோடு வருவதால் பெட்டிக்கு மேலே வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிப் பலகாரம் ஒன்றும் இருக்கும். உள்ளே பாசிப்பயறு.

சிறிய நக அலங்காரக் கடை அவருடையது. கணவர் மின்னணுப் பொருட்கள் பூட்டும் ஆலையில் ராத்திரி ஷிப்ட். கூடவே இருக்கும் தம்பி வண்டி ஓட்டுகிறார். மகளுக்குப் புதிதாக வேலை கிடைத்திருக்கிறது. மகன் படிக்கிறான். மாமியாருக்கு அரசாங்கத்தின் முதியோர் உதவித்தொகை. ஆறு பேர், நாலு சம்பளம்.

இப்போது கவனியுங்கள் மாமா. கணக்கெடுப்பில் 'குடும்ப வருமானம்' என்றால் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற, பதினைந்து வயது நிறைந்த எல்லோர் வருமானத்தின் கூட்டுத்தொகை. அப்படிக் கூட்டினால் அக்கா வீடு பெரியவர் வீட்டைவிடக் கொஞ்சம் மேலேயே வரும். உங்கள் பட்டியல் முறைப்படி அக்கா ஜெயித்துவிட்டார்! ஆனால் ஒரு பக்கம் நாலு பேர் முதுகு ஒடிந்து வந்த பணம், இன்னொரு பக்கம் இரண்டு பேருக்கு உட்கார்ந்த இடத்தில் வருகிற பணம். இன்னும் இருக்கிறது. கலிபோர்னியாவில் 1978-இல் கொண்டுவந்த சட்டப்படி வீட்டு வரிக்கான மதிப்பு வாங்கிய விலையைப் பிடித்துக்கொண்டுதான் நகரும், வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது. 1974-இல் வாங்கியவருக்கும் 2016-இல் வாங்கியவருக்கும் ஒரே மாதிரி வீடு, வரி மட்டும் பல மடங்கு வித்தியாசம். உங்கள் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

சரி, தனி மனிதர்களை விடுங்கள். யார் ஆஸ்திரியர், யார் வியட்நாமியர் என்று எப்படி எண்ணுகிறார்கள்? வியட்நாமியர் என்பது இனம் பற்றிய கேள்வியில் டிக் அடிக்கிற ஒரு கட்டம், 1980 கணக்கெடுப்பிலிருந்து இருக்கிறது. ஆஸ்திரியர் என்பது 'உங்கள் வம்சாவளி என்ன' என்ற வேறொரு கேள்விக்கு அவரவர் எழுதுகிற பதில். முதலாவதிலிருந்து அவ்வளவு எளிதில் நழுவ முடியாது. இரண்டாவதில் யாரும் எதையும் எழுதலாம், எழுதாமலும் விடலாம். பழைய ஆஸ்திரியப் பேரரசிலிருந்து வந்தவர்களில் போலந்துக்காரர், செக், ஸ்லோவேனியர், உக்ரைனியர், கலீசியா யூதர் எல்லோரும் இருந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று போலிஷ் என்றோ ஜெர்மன் என்றோ வெறுமனே அமெரிக்கன் என்றோ எழுதிவிட்டுப் போகிறார்கள். 2000 கணக்கெடுப்பில் ஆஸ்திரியர் என்று எழுதியவர்கள் ஏழே கால் லட்சத்துக்குச் சற்று மேல். நாலு தலைமுறைக்குப் பிறகும் கொள்ளுத்தாத்தாவின் நாட்டை நினைவில் வைத்து ஒரு படிவத்தில் எழுதுகிறவர் பெரும்பாலும் படித்தவராகவே இருப்பார் என்பது என் ஊகம்.

அதோடு, 1924 சட்டம் ஆஸ்திரியாவுக்கு வருஷத்துக்கு 785 பேர் என்று கதவைச் சாத்தியது. பிறகு வந்தவர்களில் பெரிய கூட்டம் என்றால் 1938-இல் ஹிட்லர் வியன்னாவுக்குள் நுழைந்தபின் தப்பி வந்த யூதர்கள், ஏறக்குறைய 30,000 பேர். டாக்டர்கள், வக்கீல்கள், இசைக் கலைஞர்கள். பையில் காசு இல்லை, தலையில் படிப்பு இருந்தது. விக்டர் க்ரூயன் என்ற கட்டடக் கலைஞர் எட்டு டாலரோடு வந்து இறங்கினார் என்று சொல்வார்கள். 1956-இல் மினசோட்டாவில் கூரை போட்ட முதல் ஷாப்பிங் மாலைக் கட்டியவர் அவர்தான். கடைசியில் தான் பெற்ற பிள்ளையான ஷாப்பிங் மால்களைத் தானே வெறுத்து வியன்னாவுக்கே திரும்பிப் போனார், அது வேறு கதை. இன்று அந்தப் பட்டியலில் ஆஸ்திரியர் என்று இருப்பவர்களில் ஆஸ்திரியாவில் பிறந்தவர் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. வியட்நாமியர்களில் பத்துக்கு ஆறு பேர் வியட்நாமில் பிறந்தவர்கள்.

அவர்கள் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1975 ஏப்ரல் 30-இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்ட் படைகளிடம் விழுந்தது. அந்த வருஷம் மட்டும் ஒன்றேகால் லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். நாலு ராணுவ முகாம்களில் வைத்து, ஸ்பான்சர் கிடைக்கக் கிடைக்க நாடு முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள். ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாதாம். பனியைப் பார்த்திராதவர்களை மினசோட்டாவுக்கு அனுப்பினால்? சில வருஷத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்கும் டெக்சாசுக்கும் போய்விட்டார்கள். முதலில் வந்தவர்களில் அதிகாரிகளும் ஆங்கிலம் தெரிந்தவர்களும் நிறைய. 1978-க்குப் பிறகு படகில் வந்தவர்களில் மீனவர்கள், விவசாயிகள், சீன வம்சாவளி வியாபாரிகள். தொண்ணூறுகளில் வந்தவர்களில் பலர் கம்யூனிஸ்ட் அரசின் 'மறுகல்வி' முகாம்களில் வருஷக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த பழைய தென் வியட்நாம் ராணுவத்தினர். ஐம்பது வயதில் புது மொழி, புது நாடு. இத்தனையையும் ஒரே வரியில் 'வியட்நாமியர்' என்று போட்டு ஒரு சராசரி எடுக்கிறோம்.

படகில் போனவர்கள் காசை நம்பவில்லை, தங்கத்தைத்தான் நம்பினார்கள். நம்ம ஊர் மாதிரியேதான். டேவிட் ட்ரான் என்பவர் குடும்பம் தங்கத்தைப் பால் டின்களுக்குள் ஒளித்து எடுத்து வந்தது. அவர் ஏறிய கப்பலின் பெயர் ஹுவே ஃபாங், அதில் 3,300 பேருக்கு மேல். 1980-இல் லாஸ் ஏஞ்சலஸில் மிளகாய் சாஸ் செய்யத் தொடங்கியவர், கம்பெனிக்கு அந்தக் கப்பலின் பெயரையே வைத்தார். சேவல் படம் போட்ட, பச்சை மூடி சிவப்புப் புட்டி. போன தடவை நீங்கள் வந்தபோது தோசைக்கு ஊற்றிச் சாப்பிட்டது அதைத்தான்.

நகத் தொழில் வந்த கதை இன்னும் விசேஷம். 1975-இல் வட கலிபோர்னியாவில் ஓர் அகதி முகாமுக்கு நடிகை டிப்பி ஹெட்ரன் போவது வழக்கம். பெண்கள் அவர் நகங்களை அதிசயமாகப் பார்த்தார்கள். அவர் தன் நக ஒப்பனைக்காரரையே கூட்டிவந்து சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். முதலில் இருபது பேர். கலிபோர்னியாவில் உரிமத்துக்கு 400 மணி நேரப் பயிற்சி போதும், ஆங்கிலம் அதிகம் வேண்டாம், வங்கிக் கடனும் வேண்டாம். தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று நாடு முழுக்க இந்தத் தொழிலில் ஏறக்குறைய பாதிப் பேர் வியட்நாமியர்கள்.

வங்கி இல்லாமல் முதல் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நீங்கள் முகம் சுளிக்கப் போகிறீர்கள். சீட்டு! அவர்கள் 'ஹுய்' என்பார்கள். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு போட வேண்டும், யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்கு அந்த மாதப் பணம். அப்படியே நம்ம ஏலச்சீட்டு. சீட்டுப் பிடிக்கிறவர் சுருட்டிக்கொண்டு ஓடுவதற்குத் தனியாக ஒரு வார்த்தைகூட அவர்களிடம் இருக்கிறது. அக்காவின் கடைக்கு முதல் நாற்காலிகள் சீட்டுப் பணத்தில் வந்தவைதான்.

இந்த எண்களையும் பாருங்கள். 1980 கணக்கெடுப்பில் வியட்நாமியக் குடும்பங்களில் 35 சதவீதம் வறுமைக்கோட்டுக்குக் கீழே. 1990-இல் நாலு பேருக்கு ஒருவர். 2019-இல் 12 சதவீதம், கிட்டத்தட்ட நாட்டின் சராசரியே அவ்வளவுதான். அந்த வருஷம் அவர்கள் குடும்ப இடைநிலை வருமானம் (பாதி வீடுகள் இதற்கு மேலே, பாதி கீழே) 69,800 டாலர், நாட்டினுடையது 65,700 சொச்சம். நாற்பத்து நாலு வருஷத்தில் இது. பெரியவரின் தாத்தா வந்து நாற்பத்து நாலாவது வருஷம் எங்கே இருந்தார்? சிமென்ட் ஆலையில்தான்.

அதற்காக எல்லாம் பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. எனக்கு இதில் தீராத ஓர் ஆதங்கம் உண்டு. நகக் கடைகளில் வேலை செய்கிறவருக்கு அறுபது, கடைக்காரருக்கு நாற்பது என்று பங்கு பிரிக்கும் வழக்கம் இருக்கிறது. டிப்ஸ் ரொக்கமாக வரும். பலர் வருஷக்கணக்கில் அதைக் கணக்கில் காட்டவே இல்லை. வரி மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்கள். அறுபத்தாறு வயதில் என் எதிரே வந்து உட்கார்ந்து, "பென்ஷன் ஏன் இவ்வளவுதான்?" என்று கேட்கிறார்கள். காட்டிய வருமானத்துக்குத்தானே பென்ஷன்? சோஷியல் செக்யூரிட்டிக்குப் பத்து வருஷ வரவாவது வேண்டும், சிலருக்கு அதுவே தேறுவதில்லை. முப்பது வருஷம் மருந்து வாடையில் குனிந்து உட்கார்ந்தவரிடம் இதைச் சொல்லும்போது நான் திரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வேன்.

உச்சியில் இருக்கிற நம்ம ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நானும் என் கணவரும் படகில் வரவில்லை. பட்டம் இருக்கிறதா, வேலை இருக்கிறதா என்று பார்த்து, விசா முத்திரை குத்தி, விமானத்தில் அனுப்பினார்கள். சல்லடையில் சலித்து எடுத்த மாவை எடை போட்டு, எங்கள் ஊர்க் கோதுமையே இப்படித்தான் என்றால் எப்படி மாமா? கிளை மேலாளராக இருந்த காலத்தில் இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை யாராவது நீட்டியிருந்தால் திருப்பி எறிந்திருப்பீர்கள்.

வரிக் கணக்குக்குக் கடைசி நாளான ஏப்ரல் 15 தாண்டினால் எனக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். நீங்கள் மே மாதம் வருவதாகச் சொன்னீர்களே, டிக்கெட் போட்டாயிற்றா? அக்காவிடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், வங்கிக்காரர் என்றதும் சிரித்தார். அப்புறம் இன்னொன்று. அவர் புதிதாக ஒரு சீட்டு ஆரம்பிக்கிறார். மாதம் 500 டாலர், 24 பேர். என்னையும் சேரச் சொல்கிறார். சேரலாமா, வேண்டாமா? இதற்கு மட்டும் தனியாகப் பதில் போடுங்கள். குழுவில் போட்டால் அத்தை பார்த்துவிடுவார்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்