புதிய இயங்குதளப் போன்கள் குறித்து எமது வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

எமது கடையைப் பற்றிய குரல் பதிவொன்று மட்டக்களப்பு, ஆரையம்பதி, காத்தான்குடிப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் கைமாறிக்கொண்டிருப்பதாக உங்களில் பலர் சொன்னீர்கள். சிலர் அதனை எமக்கே அனுப்பியும் வைத்தீர்கள். சீனாவின் ஹுவாவி நிறுவனம், போனை இயக்கும் அடிப்படை மென்பொருளாக உருவாக்கிய புதிய ஹார்மனி இயங்குதளத்தில் ஓடும் கைத்தொலைபேசிகளை நாம் விற்க மறுக்கிறோம் என்றும், அலுமாரியில் தேங்கிக் கிடக்கும் அன்ட்ரொய்ட் போன்களைத் தள்ளிவிடுவதற்காகவே புதியவற்றைக் குறைத்துப் பேசுகிறோம் என்றும், மகன் அனுப்பிய போனுடன் வந்த வயதான தாய் ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்றும் அந்தப் பதிவு சொல்கிறது. நேரில் வந்து கேட்டவர்களுக்கு நேரிலேயே விளக்கம் கொடுத்தோம். கேட்காமல் மனதுக்குள் வைத்திருப்பவர்களுக்கும் அந்த விளக்கம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இதனை எழுதுகிறோம்.

அந்த அம்மாவின் விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் எம்மை மிகவும் வருத்தியது அதுதான். அவர் படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி வந்தவர். வெளிநாட்டில் வேலை செய்யும் மகன், சீனாவுக்குப் போய் வந்த நண்பர் ஒருவர் மூலம் அனுப்பிய போன் அது. பெட்டியின் மேலிருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படவில்லை. தமது பழைய போனிலுள்ள வட்ஸ்அப்பையும் வங்கிச் செயலியையும் புதியதற்கு மாற்றித் தரும்படி கேட்டார். எமது மென்பொருள் திருத்துநர் அவரைக் கதிரை போட்டு இருத்தி, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். அவருடைய இலக்கத்தைப் புதிய போனில் பதிவுசெய்தால் பழைய போனில் வட்ஸ்அப் நின்றுவிடும் என்பதால், கடையில் சோதனைக்கென்று வைத்திருக்கும் சிம் ஒன்றையே போட்டார். அன்ட்ரொய்ட் செயலிகளைத் திறந்து காட்டும் இடைமென்பொருள் ஒன்றின் உதவியுடன் வட்ஸ்அப் திறந்தது, செய்தியும் போனது. ஆனால் திரையை அணைத்து வைத்துவிட்டுப் பக்கத்துப் போனிலிருந்து அழைத்தபோது புதிய போன் பேசாமல் கிடந்தது. திரும்பத் திறந்து பார்த்த பிறகுதான் அழைப்பு வந்திருந்ததே தெரிந்தது. வங்கிச் செயலியோ, இந்தச் சாதனத்தில் இயங்க முடியாது என்ற அறிவிப்பைக் காட்டிவிட்டுத் தானாகவே மூடிக்கொண்டது.

"மகன் கோல் எடுத்தா இதில சத்தம் கேக்குமா மனே?" என்று அந்த அம்மா கேட்டார். கேட்கும் என்று உறுதியாகச் சொல்ல எங்களால் முடியவில்லை. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் அழைப்புக்காக இரவில் தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு படுக்கும் ஒரு தாய்க்கு, சரி வரும், கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்புவது எந்த வகையில் நியாயம்? பழைய போனையே அழைப்புக்கும் வங்கிக்கும் வைத்துக்கொள்ளும்படியும், புதியதைப் படமெடுக்கவும் வீடியோ பார்க்கவும் பயன்படுத்தும்படியும் சொன்னோம். மகன் மனம் நோகுமே என்று அவர் தயங்கியபோது, எமது போனிலிருந்தே அந்த மகனை அழைத்து, என்ன நடக்கிறது என்பதை விளக்கினோம், அவரும் விளங்கிக்கொண்டார். பழைய போனின் சார்ஜ் துவாரத்தில் அடைத்திருந்த தூசியைத் துப்புரவு செய்து கொடுத்தோம். கட்டணம் எதுவும் வாங்கவில்லை. இதற்குப் பெயர் திருப்பி அனுப்புவது என்றால், அதற்கு மேல் என்ன செய்திருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. பதிவை அனுப்பியவர் யாரென்று நாம் தேடவில்லை, தேடப்போவதும் இல்லை. அன்று கடையில் நின்றிருந்த வாடிக்கையாளர்கள் சிலர் தாமாகவே அந்தக் குழுக்களில் நடந்ததை எழுதினார்கள். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இனி, விற்க மறுக்கிறோம் என்ற விடயத்துக்கு வருகிறோம். அது உண்மை. அந்தப் போன்களை இப்போதைக்கு எமது கடையில் விற்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். காரணத்தை விளங்கிக்கொள்ள, எந்தப் போனைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும், ஏனெனில் ஹுவாவி என்ற பெயர் இருந்தாலே அது புதிய இயங்குதளம் என்று பலர் நினைக்கிறார்கள். 2019 மே மாதத்தில் அமெரிக்கா அந்நிறுவனத்தைத் தனது வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பின்னர், அது புதிதாக வெளியிட்ட போன்களில் கூகுள் சேவைகள் இல்லாமற் போயின. அதே ஆண்டு ஓகஸ்டில் ஹார்மனி என்ற சொந்த இயங்குதளத்தை அறிவித்த ஹுவாவி, 2021 ஜூனில் அதனைப் போன்களுக்குக் கொண்டுவந்தது. அப்போதைய ஹார்மனியில் அன்ட்ரொய்ட் செயலிகளும் ஓடின. 2024 ஒக்டோபரில் சீனாவில் வெளிவந்த அடுத்த தலைமுறையில்தான் அந்தத் தொடர்பு முற்றாக அறுக்கப்பட்டது. அதற்கென்றே புதிதாக எழுதப்பட்ட செயலிகள் மட்டுமே அதில் நேரடியாக நிறுவப்படும். சீனாவுக்கு வெளியே விற்பனைக்கென்று வந்து எமது கையில் பட்ட ஹுவாவி போன்களில் இருப்பது அன்ட்ரொய்டை அடிப்படையாகக் கொண்ட ஈ.எம்.யூ.ஐ. என்ற மென்பொருள், அவற்றைப் பற்றி இந்த மடல் பேசவில்லை. சீனச் சந்தைக்கென்று செய்யப்பட்டு, வியாபாரத்துக்காகப் போய் வருகிறவர்களின் பெட்டியிலும் உறவினர்களின் பொதியிலும் நம் ஊருக்கு வந்து சேருகின்ற போன்களைப் பற்றியே பேசுகிறோம்.

அந்தப் போன்கள் தரமற்றவை என்று நாம் எங்கும் சொல்லவில்லை. கமராவும் பற்றறியும் உடலமைப்பும் மிக நேர்த்தியானவை. கையில் எடுத்தவுடன் வைத்துவிட மனம் வராது. சீனாவிலே வாழ்கின்ற ஒருவருக்கு அங்குள்ள வங்கிகளும் கடைகளும் போக்குவரத்தும் அந்தத் தளத்துக்கென்று செயலிகளை எழுதிக் கொடுத்திருக்கின்றன. மட்டக்களப்பில் இருக்கிறவருக்கோ நாளாந்தம் வேண்டியது நம் நாட்டு வங்கியின் செயலி, லங்கா கியூஆர் கொடுப்பனவு, பிள்ளையின் வகுப்புக் குழு இருக்கும் வட்ஸ்அப், ரீலோட் போடும் செயலி ஆகியவை. இவற்றை எழுதுகிறவர்கள் அன்ட்ரொய்டுக்கும் ஐபோனுக்கும் எழுதுகிறார்கள். மூன்றாவது ஒரு தளத்துக்கு எழுதுவதென்றால் அதற்கு இங்கே போதிய ஆட்கள் இருக்க வேண்டும். செயலி இல்லாத தளத்துக்கு ஆட்கள் வருவதில்லை. புதிய இயங்குதளங்கள் பல இந்த முடிச்சில்தான் சிக்கின.

இதனை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. எமது பழைய வாடிக்கையாளர்களுக்கு நொக்கியா லூமியா போன்கள் நினைவிருக்கும். 2011 பெப்ரவரியில் நொக்கியா தனது சிம்பியன் இயங்குதளத்தைக் கைவிட்டு மைக்ரோசொப்ட்டின் வின்டோஸ் போன் என்ற இயங்குதளத்துக்கு மாறுவதாக அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியில் லூமியா 800 வந்தது. நிறமும் வேகமும் நன்றாக இருந்தன. மறு ஆண்டு வின்டோஸ் போன் 8 வந்தபோது, முதலில் வாங்கியவர்களின் போன்கள் அதற்கு உயர்த்தப்படவில்லை. இன்ஸ்டகிராம் அந்தத் தளத்துக்கு வந்து சேர்ந்தது 2013 நவம்பரில். ஐபோனுக்கு அது 2010இலேயே வந்துவிட்டது. 41 மெகாபிக்சல் கமராவுடன் 2013இல் வந்த லூமியா 1020 போன்ற ஒரு போனாலும் அந்தத் தளத்தைக் காப்பாற்ற முடியவில்லை. 2019 டிசம்பர் 31ஆம் திகதியுடன் வட்ஸ்அப் அதில் நின்றது. பிளக்பெரி 10 தளம் 2013 ஜனவரியில் பெரும் எதிர்பார்ப்புடன் வந்தது. 2022 ஜனவரி 4ஆம் திகதி அதற்குரிய சேவைகள் நிறுத்தப்பட்டன. பயர்பொக்ஸ் உலாவியை உருவாக்கிய மொஸில்லா நிறுவனத்தாரின் போன் தளம் அதைவிடக் குறுகிய ஆயுளோடு போனது. அந்தப் போன்களின் திரை உடையவில்லை, பற்றறி வீங்கவில்லை. ஆனாலும் வைத்திருந்தவர்கள் புதிய போன் வாங்க வேண்டி வந்தது. அப்போது அவர்கள் கேள்வி கேட்டது தொலைவிலிருந்த நிறுவனத்தை அல்ல, தமக்கு விற்ற கடைக்காரரை. அது நியாயமும்கூட.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2008 ஒக்டோபரில் முதல் அன்ட்ரொய்ட் போன் வந்தபோது அதுவும் புதிய தளந்தான். அன்று அதனை நம்பி வாங்கியவர்கள் ஏமாறவில்லை. ஆரம்பகால அன்ட்ரொய்ட் போன்களில் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிந்ததும், அது பின்னர் சீரானதும் எல்லோரும் அறிந்ததே. ஆகவே ஹார்மனி தோற்றுவிடும் என்று நாம் ஆரூடம் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் ஒரு பெரிய நாட்டின் சந்தையே நிற்கிறது; லூமியாவுக்கு அந்த வசதி இருக்கவில்லை. நம் ஊர்ப் பாவனைக்கு அது வந்து சேரும் வரையில், உங்கள் பணத்தை அதில் போடுங்கள் என்று சொல்ல மாட்டோம் என்பதே எமது நிலைப்பாடு.

பழைய கையிருப்பைத் தள்ளுகிறோம் என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2024 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் கைத்தொலைபேசிகளுக்கும் 18 வீத பெறுமதி சேர் வரி விழுந்த பின்னர், எமது அளவிலான கடை எதுவும் போன்களை வாங்கிக் குவித்து வைப்பதில்லை. எமது வருமானத்தில் பெரும்பங்கு திருத்த வேலையிலிருந்தே வருகிறது.

ஏற்கெனவே அத்தகைய போனை வாங்கியவர்களும், வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களும் தயங்காமல் கடைக்குக் கொண்டுவாருங்கள். நாம் செய்து பார்ப்பது இவ்வளவுதான். *#06# என்று அழுத்தினால் வருகின்ற 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவாகியுள்ளதா என்று முதலில் பார்க்கிறோம். பதிவில்லாத போனென்றால் மற்றவற்றைப் பார்ப்பதற்கு முன்னரே யோசிக்க வேண்டும். அடுத்து உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து பார்க்கிறோம். கூகுளின் சான்று இல்லாத சாதனங்களில் திறக்க மறுக்கும் செயலிகள் பல உண்டு. ஒரு வங்கியுடையது திறந்தால் மற்றதும் திறக்கும் என்று நினைக்க முடியாது. பிறகு தமிழில் கொக்கட்டிச்சோலை என்று எழுதிப் பார்க்கிறோம். கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகள் அதில் இரண்டு இருப்பதால், எழுத்துருவில் குறையிருந்தால் கொம்பு இடம் மாறி நிற்பது உடனே தெரிந்துவிடும். கடைசியாக, மிக முக்கியமாக, பழைய வட்ஸ்அப் உரையாடல்கள். அன்ட்ரொய்டில் அவற்றின் காப்புப் பிரதி கூகுள் டிரைவில் சேமிக்கப்படுகிறது, ஐபோனில் ஐகிளவுட்டில். கூகுள் இல்லாத போனில் அந்த டிரைவ் பிரதியை நேரடியாக மீட்க முடியாது. இறந்துபோன தகப்பனின் குரல் பதிவுகளைப் பழைய போனில் வைத்திருக்கும் பிள்ளைகள் எமது வாடிக்கையாளர்களில் இருக்கிறார்கள். தயவுசெய்து, எந்தப் போனுக்கு மாறினாலும், அத்தகைய பதிவுகளைக் கணினியிலோ மெமரி காட்டிலோ எடுத்து வைத்த பின்னரே பழைய போனை அழியுங்கள்; அல்லது அழிக்கும் முன் எம்மிடம் கொண்டுவாருங்கள்.

இந்த வேலைகளையெல்லாம் பொறுப்புடன் பார்த்து வந்த எமது மென்பொருள் திருத்துநர், உங்களில் பலர் பெயர் சொல்லித் தேடி வரும் அந்தத் தம்பி, வெளிநாட்டு வேலை கிடைத்துப் புறப்பட்டுவிட்டார். அவருடைய குடும்ப நிலைமையை அறிந்தவர்கள் நாம். மனமார வாழ்த்தியே அனுப்பினோம். இருந்தாலும் அவருடைய கையும் பொறுமையும் உடனே இன்னொருவரிடம் கிடைப்பதில்லை. புதியவர் ஒருவர் பழகி வருகிறார். அதுவரை மென்பொருள் வேலைகள் செவ்வாயிலும் சனியிலும் மாத்திரம் நடைபெறும், பரிசோதனைக்கு 500 ரூபா அறவிடப்படும்.

2022ஆம் ஆண்டில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறி, டிஸ்பிளே ஒன்றின் விலையைக் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகச் சொல்ல வேண்டியிருந்த நாட்களில், எம்மை நம்பிப் போனை விட்டுவிட்டுப் போய், உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரும் வரை முகம் சுளிக்காமல் காத்திருந்தவர்கள் நீங்கள். எரிபொருள் வரிசையில் நிற்பதற்குக் கியூஆர் வேண்டியிருந்தபோது உங்கள் வீட்டுப் பெரியவர்களை எமது கடைக்கு அனுப்பி வைத்தீர்கள். அவர்களுக்கு அதனை எடுத்துக் கொடுத்தது எமக்குக் கிடைத்த மரியாதை. வாழைச்சேனையிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும், வழியில் எத்தனையோ கடைகள் இருக்க, கல்லடிப் பாலத்தையோ செங்கலடிச் சந்தியையோ தாண்டி எம்மிடமே வருகிறவர்களை நினைக்கும்போது, ஒரு குரல் பதிவுக்காக நாம் மனம் தளர்ந்தது சரியில்லை என்று தோன்றுகிறது. உங்கள் எல்லோருக்கும் எமது நெஞ்சார்ந்த நன்றி.

நம் நாட்டு வங்கிச் செயலிகளும் வட்ஸ்அப்பும் அந்தத் தளத்தில் நேரடியாக நிறுவப்படும் நிலை வந்தால், முதற்போனை வரவழைத்து, மேசையில் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி திறந்து விடுவோம். அதுவரை, வாங்கும் முன் ஒரு தடவை எம்மிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

நன்றியுடன்,
உரிமையாளரும் ஊழியர்களும்,
திருமலை வீதி, மட்டக்களப்பு.