சலம் சோதிக்க முதல், என்ன மருந்து குடிக்கிறார்களென்று கேளுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வவுனியாப் பக்கம் 'கிட்னி' என்றாலே சனம் பயப்படும். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்க ஓடுகிற குடும்பங்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் சலப் பரிசோதனை முகாம் என்றால் கூட்டம் வரும். அது நல்லதுதான்.

அப்படியொரு முகாமில் எனக்கு 'அல்புமின் இரண்டு பிளஸ்' என்று துண்டில் எழுதித் தந்தார்கள். கிட்னி பழுதானால் சலத்தில் கசிகிற புரதம்தான் அல்புமின். மனைவி கிணற்றுத் தண்ணியைத் திட்டினா. மகன் கொழும்புக்கு வான் பேசிவிட்டான். கிளினிக்கில் டொக்டர் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, வேற ஏதும் குடிக்கிறீங்களோ?" வெயிலுக்குள் வயலில் நின்று வந்த சலக்கடுப்புக்கு, பாமசியில் வாங்கிய சிட்ரேட் பாணியை ஒரு கிழமையாகக் குடித்துக்கொண்டிருந்தேன். அதை மருந்தென்றே நான் எண்ணவில்லை. அந்தப் பாணி சலத்தின் அமிலத்தன்மையைக் குறைத்துக் காரமாக்குமாம். முகாமில் சலத்தில் தோய்த்துப் பார்க்கிற ஸ்ரிப்பில் உள்ள சாயம் அல்புமினுக்கும் பச்சையாகும், காரம் மிஞ்சினாலும் பச்சையாகும். பாணியை விட்டு, கடுப்பும் மாறியபின் ஆய்வுகூடத்தில் அல்புமினையும், கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

மறுவளமாகவும் நடக்கும். தடிமனுக்கென்று விட்டமின் சி குளிசையை அள்ளிப் போட்டால், சலத்தில் இருக்கிற இரத்தத்தையும் சீனியையும் அதே ஸ்ரிப் காட்டாமல் விடலாம். எனக்கு இதுதான் கூடப் பயம். இல்லாத வருத்தத்தைச் சொன்னால் திரும்பச் சோதிப்போம். இருக்கிறதை இல்லையென்றால் ஆர் திரும்பிப் போவது? நீரிழிவுக்குத் தருகிற எம்பாகிளிஃப்ளோசினுக்கோ சீனியைச் சலத்தோடு வெளியேற்றுவதே வேலை. அதைக் குடிப்பவர்கள் சீனியை இரத்தத்தில்தான் பார்க்கவேண்டும்.

வேலைக்காகப் போதைப்பொருள் சோதனைக்குப் போகிற பெடியளுக்கு இது இன்னும் வில்லங்கம். மூக்கடைப்புக்குக் குடிக்கும் சூடோஎபெட்ரின், அம்பெற்றமின் என்ற போதைப்பொருள் போலவும், ஒஃப்லொக்சசின் போன்ற சில அன்ரிபயோற்றிக் அபின் வகை போலவும் முதற்கட்டச் சோதனையில் காட்டக்கூடும். சலத்தில் இருப்பது எந்தப் பொருளென்று திட்டமாக இனங்காணும் மாஸ் ஸ்பெக்ரோமெற்றி என்ற ஆய்வுகூடச் சோதனையில் உறுதிப்படுத்தாமல் ஒரு பெடியனின் பெயரைக் கெடுக்கக் கூடாது.

இதை வாசித்துவிட்டு ஆரும் டொக்டரைக் கேளாமல் மருந்தை நிறுத்த வேண்டாம். முக்கியமாகக் காசநோய்க்காரர்: ரிஃபாம்பிசின் குடித்தால் சலம் செம்மஞ்சளாகப் போகும், அது இரத்தமல்ல.

முகாம் நடத்துவோரிடம் நான் கேட்பது, பெயரும் வயதும் எழுதுகிற துண்டில் இன்னொரு வரி: 'கடைசி ஒரு கிழமையில் எடுத்த மருந்து, பாணி, விட்டமின்'. அதைத் தமிழிலும் அச்சடித்தால் சனம் தாங்களே நிரப்பும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
நெடுங்கேணி.