நொவலன் தவுண்டை எங்கே வைத்தான்? வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தேர்வுக் குழுவினருக்கு வணக்கம்.

முதலில் உங்களுக்கு ஒரு சின்னத் தேர்வு. கீழே உள்ள பத்தியைப் படித்து விடை எழுதுங்கள்.

"நொவலன் காலையில் தொகட்டுக்குப் போனான். அங்கே ஒரு தவுண்டைக் கண்டான். அதை ஞவித்துத் தன் மெதலியில் வைத்தான்."

நொவலன் காலையில் எங்கே போனான்? அங்கே எதைக் கண்டான்? தவுண்டை ஞவித்து எங்கே வைத்தான்?

மூன்றுக்கும் முழு மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். தவுண்டு தின்பதா உடுத்துவதா என்று உங்களுக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை, நாங்கள் இட்டுக்கட்டிய சொல் அது. வினாவில் உள்ள 'எங்கே'யை எடுத்துவிட்டு, பத்தியில் அந்த இடத்தில் இருக்கும் சொல்லைப் போட்டால் விடை வந்துவிடும். டொரன்டோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ வளரும் பிள்ளை இரண்டாம் நிலைக்குள் இந்த வித்தையைப் பழகிவிடுகிறது. 'படித்துப் புரிந்துகொள்ளுதல்' என்ற தலைப்பின் கீழ் நாம் போடும் வினாக்களில் எத்தனை இந்த ரகம் என்று போன ஆண்டுத் தாளை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

எண்ணும்போது ஒவ்வொரு வினாவையும் மனதுக்குள் இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவர், நம் பாடநூலைப் பார்த்தே இராத, நன்றாகத் தமிழ் தெரிந்தவர். மற்றவர், பாடநூலை அட்டை முதல் அட்டை வரை ஒப்பிக்கும், பொருள் மட்டும் தெரியாத பிள்ளை. "நான்காம் பாடத்தில் வரும் பறவை எது?" என்றால் முதலாமவர் முழிப்பார், பிள்ளை எழுதிவிடும். அது மொழித் தேர்வு இல்லை, ஞாபகத் தேர்வு. முதலாமவரால் முடிந்து, பிள்ளையால் முடியாமல் போகும் வினாவே நமக்கு வேண்டியது. அப்படி ஒன்று ஆக்குவது கடினமும் அல்ல. "வானம் இருட்டியது. மீனா மொட்டைமாடிக்கு ஓடிப் போய்த் துணிகளை அள்ளிக்கொண்டு வந்தாள்" என்று பத்தி இருந்தால், எதை அள்ளினாள் என்று கேட்காமல் ஏன் ஓடினாள் என்று கேளுங்கள். 'மழை' என்ற சொல் பத்தியிலேயே இல்லை. புரிந்தவர்தான் சொல்ல முடியும்.

முதல் மூன்று நிலைகளில் இந்த விடையைப் படத்தில் குறியிட்டுக் காட்டவோ, பிள்ளைக்கு வலுவான மொழியில் எழுதவோ விடுங்கள். தமிழ்ப் பள்ளியில் ஆங்கிலத்தில் விடையா, பிரெஞ்சில் விடையா என்று சிலர் சீறுவார்கள். அங்கே அளப்பது வாசிப்பை. தமிழில் எழுத வராததால் வாசிப்பு மதிப்பெண் குறைந்தால், வந்த எண் எதை அளந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எழுத்துக்குத்தான் வேறு பகுதி வைத்திருக்கிறோமே.

வாரம் 2 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்துக்கொண்டால் கையில் இருப்பது 60 மணி நேரம். இதில் தேர்வுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் எடுப்பது நியாயமில்லை. அந்த நான்கையும் ஆண்டு இறுதியில் 100 மதிப்பெண் தாளில் கொட்டுவதுதான் வழக்கமாக இருக்கிறது. முடிவு தெரியும்போது வகுப்பு முடிந்து விடுமுறை தொடங்கியிருக்கும். ஆசிரியரால் எதையும் திருத்த முடியாது. ஆண்டுத் தொடக்கத்தில் 15 நிமிட நேர்முகம் ஒன்றை வைத்து எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று முடிவு செய்யுங்கள்: மூன்று நிமிடப் பேச்சு, பத்துச் சொல் வாசிப்பு, நான்கு வரிப் பத்தி, இரண்டு வாக்கியம் எழுதுதல். தொடர்ந்து மூன்று முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். வயதை வைத்து வகுப்புப் பிரிப்பதால்தான், போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளையும், வீட்டில் தமிழே காதில் விழாத பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இருவருமே கொட்டாவி விடுகிறார்கள்.

தாள் ஆக்குவதற்கு முன் ஒரே பக்கத்தில் ஒரு திட்ட அட்டவணை போடுங்கள். நான்காம் நிலை வரை நாங்கள் பரிந்துரைப்பது கேட்டல் 25, பேசுதல் 30, வாசித்தல் 25, எழுதுதல் 20. பேச்சுக்கு ஏன் இவ்வளவு என்றால், தேர்வில் எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் வகுப்பு நடத்தும். 247 எழுத்துகளையும் கட்டத்தில் நிரப்பு என்று 20 மதிப்பெண்ணுக்குப் போட்டால், மூன்று மாதம் கட்டம் நிரப்புவதே பாடமாகிவிடும். ககர வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் பிள்ளை 'பேருந்து' என்ற பலகையைப் பார்த்து 'போருந்து' என்று படிக்கும்.

இனி கேட்டல். நம்மில் பலர் நடத்துவது, ஆசிரியர் பாடநூல் உரைநடையை உரக்கப் படிப்பது. அப்படி எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. எழுதும் தமிழும் பேசும் தமிழும் விலகி நிற்கும் மொழி இது என்பதைத் தாள் ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்டல் பகுதி பேச்சுத் தமிழில்தான் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு குரல் செய்தி:

"டேய், மாமா பேசறேன். அம்மாகிட்ட சொல்லிடு, நாளைக்கு வர முடியல, ஞாயித்துக்கிழமதான் வரேன். சாப்பாடெல்லாம் வேண்டாம், காப்பி மட்டும் போதும்."

மாமா எப்போது வருகிறார் என்பதற்கு நாள்காட்டிப் படம் மூன்று. என்ன வேண்டும் என்பதற்குப் படம் மூன்று. 'நாளைக்கு', 'சாப்பாடு' இரண்டும் காதில் விழும், ஆனால் விடை அவை அல்ல. சொல்லை மட்டும் பிடிக்கும் பிள்ளையையும் செய்தியைப் பிடிக்கும் பிள்ளையையும் இந்த இடம் பிரித்துவிடும். வினாக்களை முன்கூட்டியே கொடுத்து ஒரு நிமிடம் பார்க்க விடுங்கள், ஒலிப்பதிவை இரண்டு முறை போடுங்கள், செய்தியில் வரும் வரிசையிலேயே வினாவும் வரட்டும். ஆசிரியர் நேரில் படிப்பதைவிடப் பதிவு நல்லது. நேரில் படிப்பவர் விடை வரும் இடத்தில் தம்மையறியாமல் குரலை உயர்த்திவிடுவார்.

ஈழத்துப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அதே செய்தியை "மாமா கதைக்கிறன். அம்மாட்டச் சொல்லு, நாளைக்கு வரேலாது, ஞாயிற்றுக்கிழமைதான் வருவன். சாப்பாடு ஒண்டும் வேண்டாம், தேத்தண்ணி காணும்" என்றும் பதிவு செய்யலாம். இரண்டு வழக்கும் கலந்த பள்ளியில் பாதிக்குப் பாதி. சொல் வினாக்களில் இது இன்னும் சிக்கல். நிலக்கடலைப் படத்தைக் காட்டி 'கடலை' என்ற விடையை எதிர்பார்த்தால், மதுரைக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சரி. யாழ்ப்பாணக் குடும்பத்தில் அது கச்சான். கடலை என்றால் அங்கே கொண்டைக்கடலை. வீட்டுச் சொல்லைச் சரியாகச் சொன்ன பிள்ளைக்குச் சுழி போடும் விடைக்குறிப்பு நம்முடையதாக இருக்கக் கூடாது.

பேசுதலுக்கு நேரமில்லை என்பார்கள். 12 பேர் வகுப்பில் இருவர் இருவராக, ஓர் இணைக்கு 8 நிமிடம் கொடுத்தால் 48 நிமிடம். ஆள் மாறும் நேரத்தோடு ஒரு மணி நேரம். ஓர் ஆசிரியர் பேச்சுக் கொடுக்க, இன்னொருவர் ஒதுங்கி உட்கார்ந்து மதிப்பெண் இட வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் இரண்டும் கெடும். 'என் பெயர் இன்னது, நான் இத்தனாம் வகுப்பில் படிக்கிறேன்' என்ற தற்குறிப்பு மனப்பாடம். ஒரு நிமிடச் சூடேற்றலுக்கு மேல் அதற்கு வேலை இல்லை, மதிப்பெண்ணும் வேண்டாம். பேச்சுப்போட்டி மேடை முழக்கமும் அதே கணக்கு. ஐந்து வித்தியாசம் உள்ள இரண்டு சந்தைப் படங்களை ஆளுக்கொன்று கொடுத்து, மற்றவர் படத்தைப் பார்க்காமல் பேசியே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தெரியாததைக் கேட்க வேண்டிய தேவை வந்தால்தான் 'எத்தனை', 'யார் பக்கத்துல', 'இல்ல, என்னதுல நாய் நிக்குது' எல்லாம் வாயில் வரும். ஆங்கிலச் சொல் கலந்தால் என்ன செய்வது என்பதை முன்னாலேயே பேசி வையுங்கள். பஸ்ஸும் போனும் எல்லா ஊர்த் தமிழிலும் உண்டு. 'வாக் பண்ணினேன்' என்பதை எந்த நிலை வரை விடுவது என்பதில்தான் இரு ஆசிரியர்கள் முரண்படுவார்கள்.

சொல்வதெழுதுதல் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 'அரம்', 'அறம்' என்று ஆசிரியர் ஒற்றைச் சொல்லாகச் சொல்கிறார். இன்று பெரும்பாலோர் வாயில் இந்த ரகர றகரங்களுக்கு ஒலி வேறுபாடே இல்லை. பலருக்கு ழகரம் ளகரமாகவே வருகிறது. சொல்பவர் வாயில் இல்லாத வேறுபாட்டைக் கேட்பவர் காதில் தேடுகிறோம். பிள்ளை காசு சுண்டிப் பார்த்து எழுதுகிறது. ந, ன விஷயம் வேறு. அங்கே காதுக்கு வேலையே இல்லை, சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் 'ந' என்ற இட விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். மற்றவற்றை வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள்: 'இரும்பை அரத்தால் தேய்த்தான்', 'வேலியில் இருந்த தழையை ஆடு தின்றது'. பொருளிலிருந்து எழுத்துக்குப் போகும் பாதை அதுதான்.

திருத்துவதற்கும் இதே நிதானம் வேண்டும். மூன்றாம் நிலைப் பிள்ளை இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: "நான் நேற்று கடைக்கு போணேன். அம்மா பலம் வாங்கினாங்க. நான் வாளைப்பலம் கேட்டேன்." சிவப்புப் பேனா ஆறு இடத்தில் விழும், பத்துக்கு நான்கு. ஆனால் 'நான்' வந்த இரண்டு இடத்திலும் வினை 'ஏன்' என்று முடிகிறது. 'அம்மா'வுக்கு மரியாதை விகுதி வந்திருக்கிறது. 'போ'வும் 'வாங்கு'வும் 'கேள்'உம் மூன்று வெவ்வேறு விதமாக இறந்தகாலம் காட்டுபவை, மூன்றும் சரி. செய்தி 4, வினைமுடிபும் வாக்கியமும் 3, சொல்வளம் 2, எழுத்துப்பிழை 1 என்று பிரித்தால் இந்தப் பிள்ளைக்குக் குறைந்தது எட்டு கிடைக்க வேண்டும். ழகரம் மூன்று முறை தப்பினாலும் அது ஒரே பிழை. வாளை மீனில் பழம் காய்த்திருந்தாலும் என்ன கேட்டது என்று நமக்குப் புரிகிறதே! 'கடைக்கு' என்பதற்குப் பின் ஒற்று மிகாததற்கு ஐந்தாம் நிலை வரை மதிப்பெண் குறைக்க வேண்டாம். சென்னைக் கடைப் பலகைகளில் தேடினாலும் அது கிடைப்பது அரிது.

இறந்தகால வினாக்களில் இன்னொரு சறுக்கல். ஓடினான், பாடினான், ஆடினான், தேடினான் என்று நான்கு வினா போட்டால் அது ஒரே வினாவை நான்கு முறை கேட்பது. செய்தான், நடந்தான், படித்தான், உண்டான், கற்றான், ஓடினான் என்று வகைக்கு ஒன்றாக எடுங்கள்.

கோடிட்ட இடத்துக்கு ஒரே விடைதான் என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். 'அவன் வீட்டி____ வந்தான்' என்பதில் 'லிருந்து' மட்டுமல்ல, 'ற்கு'வும் சரி. ஆங்கில முறையைப் பார்த்து, பத்தியில் ஒவ்வோர் ஏழாவது சொல்லையும் அழித்துக் கோடிடுவதும் நமக்கு ஒத்துவராது. 'போகவேண்டியிருந்தது' என்ற ஒற்றைச் சொல்லை அழித்தால் ஆங்கிலத்தில் மூன்று சொல்லை (had to go) அழித்த கணக்கு. அடிச்சொல்லைக் கொடுத்து உருபைக் கேளுங்கள்: 'குருவி ____ (மரம்) உட்கார்ந்தது.' 'மரத்தில்' என்று எழுதினால் சாரியையும் ('அத்து') உருபும் ('இல்') இரண்டும் தெரியும் என்று பொருள்.

சரியா தவறா வகை வினா பத்து இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக ஐந்து கிடைக்கும். தேர்ச்சி 50 என்று வைத்திருக்கும் பள்ளிகள் இதைக் கவனிக்கட்டும். பொருத்துக வினாவில் இடப்பக்கம் ஐந்து என்றால் வலப்பக்கம் ஏழு வையுங்கள்.

தேர்வு முடிந்த பிறகு அரை மணி நேர வேலை ஒன்று இருக்கிறது. பலரும் செய்யாத வேலை, ஆனால் அடுத்த ஆண்டுத் தாளை அதுதான் காப்பாற்றும். 24 பேர் எழுதினார்கள் என்றால், மொத்த மதிப்பெண்படி மேலே 8 பேர், கீழே 8 பேர் தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வினாவை மேலே 7 பேரும் கீழே 2 பேரும் சரியாக எழுதியிருந்தால் (7−2)÷8, அதாவது 0.63. நல்ல வினா, மேலே உள்ளவரையும் கீழே உள்ளவரையும் அது பிரித்துக் காட்டுகிறது. மேலே 3, கீழே 5 என்றால் −0.25. கெட்டிக்காரப் பிள்ளைகள் தவறுகிறார்கள் என்றால் விடைக்குறிப்பு தவறு, அல்லது அந்த 'வீட்டிற்கு' போல இன்னொரு சரியான விடை ஒளிந்திருக்கிறது. எல்லாரும் சரியாக எழுதிய வினாவைத் தூக்கிப் போட வேண்டாம். கற்றுக்கொடுத்ததைக் கற்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். எட்டுப் பேர் வகுப்பு என்றால் இரண்டு மூன்று ஆண்டுத் தாள்களைச் சேர்த்துப் பாருங்கள்.

வெளித் தேர்வுகளைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கேள்விகள்தாம். தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ்த் தேர்வு அதன் பாடங்களோடு ஒட்டியது. அந்தப் பாடத்தை நடத்தாமல் தேர்வை மட்டும் எடுத்துக்கொள்வது பொருந்தாது. அமெரிக்காவில் 2011இல் கலிபோர்னியா சட்டமாக்கிய இருமொழி முத்திரைக்குப் (Seal of Biliteracy, ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி பெற்ற மாணவருக்குத் தரும் சான்று) பிறகு, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்ச்சி நிலை காட்டும் வெளித் தேர்வு தேவைப்படுகிறது. பணம் கட்டுமுன், மதிப்பிடுபவர் எந்த வழக்குத் தமிழ் அறிந்தவர், பேச்சு நடையை ஏற்பார்களா, வினாக்கள் ஆங்கில அச்சில் வார்த்தவையா என்று எழுதிக் கேளுங்கள். 'அண்டை வீட்டாருக்கு நன்றி அட்டை எழுதுக' என்று தமிழில் ஒரு வினா வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியாக அச்சு. கீழ் நிலைகளுக்கு எழுத்தளவு 16க்குக் குறைய வேண்டாம். வரி முடிவில் சொல்லை உடைக்க வேண்டாம். கோப்பை வேறு கணினியில் திறந்தால் 'கொ' பிரிந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். அச்சகத்துக்கு அனுப்புமுன் வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
தமிழ்ப் பள்ளிகளுக்கு வினாத்தாள் ஆக்கும் ஆசிரியர்கள் சிலர்