லண்டனில் இருக்கும் மகளுக்கு, சர்ச்சிலைப் பற்றி அப்பா எழுதுவது

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்பு மகளுக்கு,

நலம்தானே பாப்பா? இங்கே நாங்கள் நலம். அம்மாவின் முட்டிவலி கொஞ்சம் தேவலை. காலையில் இருவரும் கர்னி டிரைவ் கடலோரம் நடந்துவிட்டு வந்து பசியாறினோம். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். வீடு அமைதியாக இருக்கிறது, அதனால் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ கேட்டது வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்லி முடிகிற விஷயம் இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் இருந்து வேலை பார்த்த நிலவறைக்குப் போய்வந்ததை எழுதியிருந்தாய். அமைச்சரவை கூடிய அறையில் அவர் உட்கார்ந்த நாற்காலியின் கைப்பிடியில் நகமும் மோதிரமும் பட்ட கீறல் இன்னும் இருக்கிறது என்று படம் எடுத்தும் அனுப்பியிருந்தாய். பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். வெளியே குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது, ஒரு நாட்டின் தலையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் மரக்கட்டையைச் சுரண்டியிருக்கிறார். அதைப் பார்த்ததும் "இப்படி ஒரு தலைவர் நமக்கு வாய்க்கவில்லையே அப்பா" என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. கூட வேலை செய்யும் பெண்ணோ, அவரைப் புகழவே கூடாது என்று சண்டைக்கு வந்தாள் என்கிறாய். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் உன் பக்கத்தைச் சொல்கிறேன். பல வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். 1940 மே மாதத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்கே உடம்பு சிலிர்க்கும். மே 10-ஆம் தேதி அவர் பிரதமரானார். அதே நாளில் ஜெர்மனி ஹாலந்துக்குள்ளும் பெல்ஜியத்துக்குள்ளும் நுழைந்தது. மூன்று நாள் கழித்து நாடாளுமன்றத்தில் எழுந்து, ரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை இவற்றைத் தவிர உங்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்றார். பதவிக்கு வந்தவுடன் எந்த அரசியல்வாதி இப்படிப் பேசுவார்? எல்லாம் சரியாகிவிடும், பயப்படாதீர்கள் என்றுதான் சொல்வார்கள். இவர் வரப்போகும் கஷ்டத்தை அப்படியே மக்கள் முன் எடுத்து வைத்தார்.

அந்த மாதக் கடைசியில் அமைச்சரவைக்குள்ளேயே ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தது. இத்தாலி மூலம் சமாதானம் பேசிப் பார்க்கலாமே என்றார் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ். அவர் கோழை இல்லை. அன்றைய கணக்குப்படி அது நியாயமான யோசனைதான். சர்ச்சில் அவரைப் பதவியிலிருந்து தூக்கவில்லை, வாயை அடைக்கவும் இல்லை. நாள்கணக்கில் உட்கார்ந்து வாதாடினார். பிறகு மற்ற அமைச்சர்களையும் அழைத்து நிலைமையை விளக்கி, அவர்கள் ஆதரவோடு வந்து தன் முடிவை நிலைநாட்டினார். டன்கர்க் கடற்கரையிலிருந்து மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமான வீரர்கள் மீட்கப்பட்டார்கள். நாடே கொண்டாடியபோது அவர் ஜூன் 4-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் எச்சரித்தார்: இதை வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள், ஆள்களை வெளியேற்றிக்கொண்டு வருவதால் போரை வெல்ல முடியாது.

போர்க்காலத் தலைவரின் முதல் வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். துப்பாக்கி எடுத்துச் சுடுவது அவர் வேலை இல்லை. உயிரைக் கொடுக்கப்போகிறவர்களிடம் உண்மையைச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு அழைத்துப் போக வேண்டும். அதை அவர் செய்தார். அதற்காக அவரை மதிப்பதில் உனக்கு எந்தத் தயக்கமும் வேண்டாம்.

இனி நம் ஊருக்கு வா.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான்காரன் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கினான். 10-ஆம் தேதி குவாந்தான் பக்கம் கடலில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் அவன் குண்டுவீச்சில் மூழ்கின. மறுநாள் காலை ஜார்ஜ்டவுன் மேல் விமானங்கள் வந்தன. தாத்தாவுக்கு அப்போது சின்ன வயது. பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு மளிகைக் கடையில் எடுபிடி வேலை. விமானச் சத்தம் கேட்டதும் கடைச் சிப்பந்திகள், கூலிக்காரர்கள், பெண்கள், எல்லாருமே கடை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையை விட்டுத் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்களாம். வெள்ளைக்காரன் விமானம் என்று சிலர் கைகூடத் தட்டினார்களாம். யாரும் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லையே. தீவில் திருப்பிச் சுட ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கி கிடையாது. அன்று நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். கடைக்கு எதிரில் மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் நின்று மேலே கைகாட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றித் தாத்தா சொல்ல ஆரம்பிப்பார், பாதியில் நிறுத்திவிடுவார். கடைசிவரை அந்தக் கதையை அவர் முழுதாகச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த ஊர்க்காரர்கள் மறக்காதது. டிசம்பர் 16-ஆம் தேதி இரவோடு இரவாகத் தீவிலிருந்த ஐரோப்பியர்கள் படகேறிப் போனார்கள். மூழ்கிய கப்பல்களில் பிழைத்த மாலுமிகள் ஃபெரி ஓட்ட உதவினார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் யாருக்கும் தகவல் இல்லை. விடிந்து பார்த்தால் துரைமார் இல்லை, போலீஸ் இல்லை, கடைகளில் கொள்ளை நடக்கிறது. போகிற அவசரத்தில் வானொலி நிலையத்தையும் துறைமுகத்தில் கிடந்த படகுகளையும்கூட அழிக்காமல் விட்டுப் போனார்கள். இரண்டும் ஜப்பான்காரனுக்குப் பயன்பட்டன. பிறகு சிங்கப்பூர் வானொலியில் டஃப் கூப்பர், சர்ச்சில் அனுப்பிவைத்த அமைச்சர், பினாங்கு மக்களில் பெரும்பாலோர் பத்திரமாக வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்று பேசினார். வானொலிப் பெட்டி வைத்திருந்த தமிழனும் சீனனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் சொன்ன 'மக்களில்' தாங்கள் சேர்த்தி இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள்.

சர்ச்சில் நேரில் உத்தரவு போட்டு இதைச் செய்யவில்லை. அதை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆளுநர் ஷெண்டன் தாமஸ் இனம் பார்த்து வெளியேற்றக் கூடாது என்ற எண்ணம் உடையவர், ஆனாலும் நடந்தது நடந்ததுதான். ஆனால் மலாயா இப்படி வெறுங்கையோடு நின்றதற்குக் காரணமான முடிவுகள் லண்டனில் எடுக்கப்பட்டவை. 1941 மே மாதம் ராணுவத் தலைமைத் தளபதி ஜான் டில், எகிப்தைவிடச் சிங்கப்பூர் முக்கியம் என்று எழுதிக் கொடுத்தார். சர்ச்சில் ஏற்கவில்லை. இருப்பது கொஞ்சம், அதை மத்திய கிழக்குக்கும் ரஷ்யாவுக்கும் அனுப்பினார். மலாயாவைக் காக்க 336 விமானங்கள் வேண்டும் என்று தளபதிகள் கணக்குச் சொல்லியிருந்தார்கள். போர் தொடங்கியபோது இருந்தவை 158, அவற்றிலும் பல பழையவை. டாங்கி ஒன்றுகூட இல்லை. உலகப் போர் முழுவதையும் பார்க்கிற தலைவருக்கு அது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம். ரஷ்யா விழுந்திருந்தால் கதை வேறு. ஆனால் அந்த முடிவின் விலையை யார் கொடுக்கப்போகிறார்களோ, அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. சிங்கப்பூர் அசைக்க முடியாத கோட்டை என்றே கடைசிவரை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லண்டன்காரனுக்கு ரத்தமும் கண்ணீரும் வரும் என்று முன்கூட்டியே சொன்ன அதே அரசாங்கம்தான், பினாங்குக்காரனிடம் பொய் சொன்னது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். லண்டனில் அவர் பதில் சொல்லியாக வேண்டும். 1942 ஜனவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்தார், 464-க்கு 1 என்று வென்றார். சிங்கப்பூரும் பிறகு வட ஆப்பிரிக்காவில் தோப்ருக் கோட்டையும் விழுந்த பின் ஜூலையில் மறுபடியும் தீர்மானம், 475-க்கு 25. குண்டு விழுந்து நாடாளுமன்ற மண்டபமே இடிந்த பிறகும் வேறு கட்டடத்தில் கூடி அவரைக் கேள்வி கேட்டார்கள். 1945-இல், ஐரோப்பாவில் போரை வென்று கொடுத்த கையோடு, ஓட்டுப் போட்டு வீட்டுக்கும் அனுப்பினார்கள். கேள்வி கேட்கிறவன் முன்னால் நிற்கும்போதுதான் தலைவனுக்கு உண்மை பேச வருகிறது. நம் தாத்தாவுக்கு ஓட்டு இல்லை. அவருக்காக எழுந்து நின்று கேட்க அந்த மண்டபத்தில் ஆளும் இல்லை.

வங்காளத்திலும் அதுவே நடந்தது. 1943 பஞ்சத்தில் சுமார் முப்பது லட்சம் பேர் மாண்டார்கள். உணவு அனுப்பக் கப்பல் கேட்டுக் கேட்டு டெல்லியிலிருந்து லண்டனுக்குத் தந்தி போனது. கேட்ட அளவு கிடைக்கவில்லை. உன் தோழிக்கு அந்தக் கோபம் இருந்தால் அது நியாயமான கோபம், அவளோடு சண்டை போடாதே.

"நமக்கு அப்படி ஒரு தலைவர் வாய்க்கவில்லையே" என்றாயே, அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1941 டிசம்பரில் இந்தத் தீவில் ஒருவர் இருந்தார். மாணிக்கசோதி சரவணமுத்து, 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர், இலங்கைத் தமிழர். துரைமார் போன மறுநாள் அவரும் எல்லா இனத்துப் பெரியவர்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்து ஊரின் ஒழுங்கைக் கையில் எடுத்தார்கள். கோர்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. கொடி பறக்கும்வரை குண்டு விழும். அவர் போய் அதை இறக்கினார். பிறகு வானொலி மூலம், இங்கே ராணுவம் இல்லை, குண்டு போட வேண்டாம் என்று ஜப்பானியருக்குத் தெரிவித்தார். 19-ஆம் தேதி அவர்கள் வந்தார்கள்.

அந்தக் கொடியை இறக்கிய நேரத்தை நினைத்துப் பார். பிரிட்டிஷார் திரும்பி வந்தால் துரோகி என்று தூக்கில் போடலாம். வருகிற ஜப்பானியனுக்கோ இவர் பத்திரிகை ஆசிரியர், சந்தேகத்துக்குரியவர். எந்தப் பதவியும் இல்லை, யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஊரில் அப்பாவி ஜனம் சாகக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான். பெரிய பேச்சு எதுவும் பேசவில்லை. எஸ்பிளனேடில் உன்னைச் சின்ன வயதில் ஓடவிட்டு நாங்கள் கச்சான் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்தத் திடலை ஒட்டியதுதான் அந்தக் கோட்டை.

பக்கத்துக் கெடா மாநிலத்தில் இன்னொருவர். குலிமில் மாவட்ட அதிகாரியாக இருந்த துங்கு அப்துல் ரஹ்மான். வயதான சுல்தானை, அதாவது இவருடைய தந்தையை, பினாங்கு வழியாகப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்தது. மக்கள் இங்கே தவிக்கும்போது சுல்தான் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று துங்கு வழியில் காரை மறித்துத் தந்தையைக் குலிம் பக்கம் அழைத்துக்கொண்டு போய்விட்டார். பின்னாளில் நம் முதல் பிரதமர் ஆனவர் இவர். இந்தச் சம்பவம் எனக்கு அவருடைய எத்தனையோ மேடைப் பேச்சுகளைவிடப் பெரியது.

அப்புறம் வந்த மூன்றரை வருட ஜப்பானியர் ஆட்சியைப் பற்றி உனக்குத் தெரியும். சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு, ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டு, கூலிகளை வதைத்து சயாமில், அதாவது தாய்லாந்தில், போட்ட மரண ரயில் பாதை. தாத்தாவின் அண்ணன் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை. பூஜை அறையில் அவருக்குப் படம்கூட இல்லை, எடுத்துவைக்க யாருக்கும் தோன்றாத காலம். 415 கிலோமீட்டர் தண்டவாளம் அது. நம் தோட்டத்துச் சனம் ஆயிரமாயிரமாய் அதில் செத்தது. அவர்கள் பெயரை எழுதிவைத்தவர்கள் குறைவு.

நான் சிறுவனாக இருந்தபோது ஒரு போரை நாமே எதிர்கொண்டோம், மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய மோதல், கொன்ஃப்ரொண்டாசி. சுமத்ராவோடு இருந்த வியாபாரம் நின்று பினாங்குத் துறைமுகம் காய்ந்து போனது. மூட்டை தூக்குகிறவர்கள் வேலை இல்லாமல் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். 1964-இல் பொந்தியானிலும் லாபிசிலும் ஆள்களை இறக்கினார்கள். துங்கு பிரதமர். அந்தப் பதற்றத்துக்கு நடுவில்தான், 1964 ஏப்ரலில், பொதுத்தேர்தல் நடந்தது. போரைச் சாக்கு வைத்து ஓட்டுப் பெட்டியை மூடிவைக்கவில்லை. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்கு வழக்கைக் கொண்டுபோனோம். சோவியத் யூனியன் வீட்டோவால் தீர்மானம் விழுந்தது. ஆனாலும் பேச்சுக் கதவை அடைக்கவில்லை. 1966 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் துணைப் பிரதமர் துன் ரசாக் கையெழுத்திட்டு முடித்துவைத்தார். எதிரியை மண்டியிடச் செய்து முடிந்த போர் இல்லை அது. அதனால்தானோ என்னவோ யாரும் அதைப் பற்றி அருங்காட்சியகம் கட்டிக் கொண்டாடுவதில்லை. பிழைத்து, சண்டையை முடித்து, அண்டை வீட்டுக்காரனோடு மறுபடி வியாபாரம் செய்தோம். எனக்கு அது சின்ன வெற்றியாகத் தெரியவில்லை.

ஆக, சர்ச்சிலை மதி, பாப்பா. தோழியோடும் சமாதானமாகப் போ. சரவணமுத்துவைப் பற்றி அவளுக்குச் சொல், லண்டனில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வாக்காளர் பட்டியலில் பெயர் இப்போது தானாகவே சேர்ந்துவிடுகிறது, ஆனால் வெளிநாட்டில் இருப்பவர்கள் தபால் ஓட்டுக்கு ஒவ்வொரு தேர்தலுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2022-இல் பலருக்கு ஓட்டுச்சீட்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்று எல்லாரும் புலம்பினார்கள், நீயும் அலுத்துப்போய் விட்டுவிட்டாய். அடுத்த முறை அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பித்துவிடு. சீட்டு வந்ததும் தாமதிக்காமல் அனுப்பு. ஊருக்கு வருகிற நம் ஆள்கள் யாராவது இருந்தால் அவர்கள் கையில் கொடுத்தனுப்பவும் பார். தேதி வந்ததும் நானே உனக்குச் சொல்கிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. அம்மா கறிமசாலா அரைத்து வைத்திருக்கிறாள், தைப்பூசம் முடிந்ததும் பார்சல் வரும்.

அன்புடன்,
அப்பா