இன்வேர்டு நம்பர் போடாத லெட்டர்

பாப்பாவுக்கு,

நேத்து நீ போன்ல கேட்டதுக்கு "நாளைக்குப் பேசுவோம்"னு வச்சிட்டேன்லா, அப்பா பக்கத்துல இருந்தாங்கன்னு இல்ல, எனக்கு உடனே வாய் வரல. இப்ப ஆபீஸ்ல சாப்பாட்டு நேரம், போன்லயே டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா சிரிக்காத. வாய்ஸ் நோட் போட்டா பக்கத்து சீட்டுக்குக் கேக்கும்.

உன் ரூம்மேட் விஷயம். கைடு ராத்திரி பன்னெண்டு மணிக்கு மெசேஜ் போடுறாரு, லேப்ல தோள்ல கை வைக்கிறாரு, அவ தள்ளி நின்னதுல இருந்து சேப்டரைத் திருத்தாம வச்சிருக்காரு, கம்ப்ளெயிண்ட் குடுத்தா பிஎச்டியே போயிருமோன்னு அவ உன்கிட்ட கேக்குறா, நீ என்கிட்ட கேக்குற, ஏன்னா அம்மா காலேஜ் ஆபீஸ்ல 25 வருஷமா இருக்கா, பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கிற ஐசிசி கமிட்டியில மெம்பர் வேற. சரி. ஆனா பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும், உன்கிட்ட நான் இதுவரைக்கும் சொன்னதில்ல.

2018ல, நான் முன்ன வேலை பாத்த காலேஜ்ல, தபால் சீட்டுல இருந்தேன். நீ அப்ப ஸ்கூல். ஒருநாள் சாயங்காலம் செகண்ட் இயர் பொண்ணு ஒருத்தி வந்து நின்னா, கையில நாலா மடிச்ச பேப்பர், ஸ்பைரல் நோட்டுல இருந்து கிழிச்சது, ஓரமெல்லாம் பிசிறு. "மேடம், இதை யார்கிட்ட குடுக்கணும்"னு கேட்டா. வாங்கி ரெண்டு வரி படிச்சேன், டிபார்ட்மென்ட்ல ஒரு சார் பத்தி. வர்ற தபாலுக்கெல்லாம் நம்பர் போடுற இன்வேர்டு ரிஜிஸ்டரைத் திறந்து நம்பர் எழுதிட்டேன், தேதி எழுதப் போறதுக்குள்ள மனசுல என்னமோ தோணி, முதல்ல பெரியவர்கிட்ட காட்டிருவோம்னு உள்ள எடுத்துட்டுப் போனேன். அவரு படிச்சாரு, கண்ணாடியைக் கழட்டினாரு, "இதை ரிஜிஸ்டர்ல ஏத்திராதீங்க, நான் பேசிக்கிறேன்"னாரு. நான் வெளிய வந்து, ஏற்கனவே நம்பர் போட்ட அந்த வரியில ஈபி பில்லை எழுதிட்டேன். லெட்டரை டிராயர்ல வச்சிட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது, ஒரு நிமிஷம் கூட ஆகல.

அந்தப் பொண்ணு அப்புறம் மூணு தடவை வந்தா. பெஞ்சுல பையை மடியில வச்சிட்டு உக்காந்திருப்பா, நான் நிமிர்ந்து பாத்தா எழுந்து வருவா. "பாத்துட்டு இருக்காங்கம்மா"ன்னு ஒரே பதிலை மூணு தடவை சொன்னேன். இதுக்குள்ள டிபார்ட்மென்ட்ல இருந்து வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிட்டாங்க போல, என்ன சொன்னாங்கன்னு தெரியாது, ஒரு நாள் அவங்க அப்பா வந்து டிசி கேட்டாரு. அந்த டிசியை எழுதினது நான்தான். போற காரணம்கிற இடத்துல "பெற்றோர் விருப்பம்", நடத்தைங்கிற இடத்துல "நன்று". அவரு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போகும்போது எனக்கு நன்றி சொன்னாரு பாப்பா.

மூணு மாசம்னு ஒரு கணக்கு இருக்குங்கிறதே அப்ப எனக்குத் தெரியாது. நடந்த நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள கமிட்டிக்கு எழுத்துல குடுக்கணும், பல தடவை நடந்திருந்தா கடைசியா நடந்த நாள்ல இருந்து கணக்கு, சரியான காரணம் இருந்தா கமிட்டி இன்னும் மூணு மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம், அதுவும் என்ன காரணம்னு எழுதி வச்சு. வேலை இடத்துல பெண்களுக்கு நடக்கிற பாலியல் தொல்லையைத் தடுக்கிற 2013 சட்டத்துலயும் இருக்கு, காலேஜுக்குன்னே யுஜிசி போட்ட 2015 விதியிலயும் இருக்கு. ஆக டிராயர்ல ஒரு லெட்டர் தூங்குச்சுன்னா நாள் ஓடிட்டே இருக்கும், யாரும் "மாட்டோம்"னு சொல்ல வேண்டியதே இல்ல, "பாத்துட்டு இருக்கோம்"னு சொன்னாலே போதும். அதனால உன் ரூம்மேட்கிட்ட முதல்ல சொல்ல வேண்டியது, ஹெச்ஓடிகிட்ட வாயால சொன்னதெல்லாம் சொன்னதா ஆகாது. எழுதணும், ஐசிசி தலைவருக்குன்னு பேர் போட்டு எழுதணும், ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல சீலும் தேதியும் வாங்கணும். சீல் போட மாட்டேன்னா அதே லெட்டரை மெயில்ல அனுப்பணும், ஸ்பீட் போஸ்ட்லயும் போடணும். என்னை மாதிரி ஒருத்தி அந்த சீட்டுல உக்காந்திருப்பா, அவ நல்லவளாவும் இருக்கலாம், அதை நம்பிப் போக வேண்டாம்.

தேதி எழுதச் சொல்லு. "அடிக்கடி மெசேஜ் அனுப்புவார்"னு எழுதினா அங்க ஒண்ணும் நிக்காது. என்னைக்கு, எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை, அப்ப லேப்ல வேற யாரு இருந்தா, இவ்வளவும் வேணும். மெசேஜை அழிச்சுட்டாளான்னு கேளு, ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாம சாட்டையே அப்படியே வச்சிருக்கச் சொல்லு, போன் மாத்துறேன்னு எதையும் தொலைச்சிரக் கூடாது.

கமிட்டியில யாரெல்லாம்னு கேட்டு வாங்கணும், அது நோட்டீஸ் போர்டுல இருக்க வேண்டியது. தலைவர் சீனியர் பேராசிரியை, பொம்பளையா இருக்கணும், வாத்தியார்கள் ரெண்டு பேர், என்னை மாதிரி ஆபீஸ் ஆட்கள் ரெண்டு பேர், வெளியில இருந்து ஒரு மெம்பர், ஸ்டூடண்ட் சம்பந்தப்பட்ட கேஸ்னா தேர்தல் வச்சு வந்த மூணு ஸ்டூடண்ட்ஸ், மொத்தத்துல பாதிக்குக் குறையாம பெண்கள். விசி, ரெஜிஸ்ட்ரார், டீன், ஹெச்ஓடி இவங்கெல்லாம் உக்காரவே கூடாது. இதெல்லாம் பேப்பர்ல. ஏட்டி, ஒரு உண்மையைச் சொல்றேன், காலேஜுக்கு கிரேடு போடுற நாக் டீம் வருதுன்னா பல இடத்துல ஐசிசி ஃபைல் ஒரே சாயங்காலத்துல பிறக்கும். நாலு மீட்டிங் மினிட்ஸை நாலு பேனாவால எழுதிக் கையெழுத்து வாங்கினதை நானே பாத்திருக்கேன், பச்சை மை தீந்துபோய் ஒருத்தர் பக்கத்து ரூமுக்கு ஓடினாரு. அதனால கமிட்டி லிஸ்ட்டைப் பாத்து ஹெச்ஓடி பேரு அதுல இருந்தா அதையே முதல் ஆட்சேபணையா எழுதிக் குடுக்கச் சொல்லு, பின்னாடி சொன்னா எடுபடாது.

அவ பயப்படுறது பிஎச்டிக்குத்தானே. கேஸ் நடக்கும்போதே, முடிவு வர்றதுக்கு முன்னாடியே, அந்த ஆளு அவளோட வேலையை மதிப்பிடவோ ரிப்போர்ட் எழுதவோ கூடாதுன்னு கமிட்டி தடுக்கச் சொல்லலாம், விதியில தெளிவா இருக்கு. ஆனா கேட்டாத்தான் வரும், தானா வராது. கம்ப்ளெயிண்ட்லயே தனிப் பத்தியா "என் ஆய்வை இனி இவர் மதிப்பிடாமல் வேறு வழிகாட்டி நியமிக்க வேண்டுகிறேன்"னு எழுதணும்.

இன்னொண்ணையும் முன்கூட்டியே சொல்லி வை, லெட்டர் குடுத்த ஏழு நாள்ல அதோட காப்பி அந்த ஆளு கைக்குப் போகும், அவரு பத்து நாள்ல பதில் எழுதுவாரு, சாட்சி பேரு குடுப்பாரு. இதைக் கேட்டு அவ திக்குன்னு ஆயிருவா, எனக்குத் தெரியும். ஆனா அது நியாயம்தான், அவரு பக்கத்தையும் கேக்கணும். கோவா பல்கலைக்கழகத்துல ஒரு கேஸ், 2009ல கமிட்டி அவசர அவசரமா அடுத்தடுத்து சிட்டிங் போட்டு முடிச்சு, அந்தப் பேராசிரியரை டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க. 2023ல சுப்ரீம் கோர்ட், அவருக்குச் சரியா வாய்ப்புக் குடுக்கலன்னு டிஸ்மிஸலை ரத்து பண்ணி விசாரணையைத் திரும்ப 2009ல நின்ன இடத்துல இருந்து நடத்தச் சொல்லிருச்சு. பதினாலு வருஷம். கம்ப்ளெயிண்ட் குடுத்த பிள்ளைகள்லாம் அதுக்குள்ள எங்கெங்கயோ போயிருப்பாங்கல்லா. அதனால கமிட்டி அவருக்கு டைம் குடுத்தா "அவருக்கு சப்போர்ட் பண்றாங்க"ன்னு உடனே அழக் கூடாது. மொத்தம் 90 நாள்ல விசாரணை முடியணும், அது தாண்டினா அப்ப சத்தம் போடலாம்.

சமரசம் பேச வருவாங்க, கண்டிப்பா வருவாங்க, "உன் எதிர்காலம்"னு ஆரம்பிப்பாங்க. அது இவளா கேட்டா மட்டும்தான், காசு வாங்கி முடிக்கிறதுக்கு இடமே இல்ல. "நிரூபிக்கலன்னா உன்மேலதான் நடவடிக்கை"ன்னும் மிரட்டுவாங்க. நிரூபிக்க முடியாமப் போறது வேற, வேணும்னே பொய் சொல்றது வேற, முதல் வகைக்குத் தண்டனை கிடையாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு.

நீ நேத்து போற போக்குல சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ராத்திரி முழுக்க ஓடுச்சு, லேப்ல அவளை "கோட்டா"ன்னு கூப்பிடுறாங்கன்னு. அதை இதோட சேத்து ஒரே லெட்டர்ல குழப்பிரக் கூடாது. ஐசிசி பாலியல் தொல்லையைத்தான் விசாரிக்கும், ஜாதி விஷயம் எழுதினா "எங்க வரம்பு இல்ல"ன்னு ஒதுக்கிருவாங்க, ஒதுக்கினதுல மத்ததும் சேந்து போயிரும். 2012 யுஜிசி விதிப்படி பாகுபாடு புகாருக்குன்னு ஒவ்வொரு காலேஜ்லயும் தனி அதிகாரி, சம வாய்ப்பு செல்னு இருக்கணும். அதுக்குத் தனி லெட்டர், ரெண்டுலயும் ஒண்ணை ஒண்ணு குறிப்பிடணும். அந்த விதி எந்த லட்சணத்துல நடக்குதுன்னு கேக்காத. ஹைதராபாத்துல 2016ல ரோஹித் வெமுலா, மும்பையில 2019ல டாக்டர் பாயல் தாட்வி, ரெண்டு பேரும் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க, ஜாதிப் பாகுபாடுதான் காரணம்னு புகார் வந்துச்சு, அந்த ரெண்டு பிள்ளைகளோட அம்மாக்களும்தான் சேந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, அந்த விதியை ஒழுங்கா நடத்துங்கன்னு. அந்த அம்மாக்களை டிவியில பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஈபி பில் ஞாபகம்தான் வரும்.

போலீஸ் தனி வழி, கமிட்டி முடியுற வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல. பேரு வெளிய வந்துருமோன்னு அவ வீட்ல பயப்படுவாங்க, பயத்துல தப்பில்ல, 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழகக் கேஸ்ல எஃப்ஐஆரே நெட்ல வந்துருச்சே. ஐகோர்ட் அந்தப் பொண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு குடுக்கச் சொல்லுச்சு, பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் மூணு பேரை வச்சு விசாரிக்கச் சொல்லுச்சு, 2025 ஜூன்ல குற்றவாளிக்கு முப்பது வருஷம் குறையாத ஆயுள் தண்டனையும் வந்துச்சு. அஞ்சு மாசத்துல தீர்ப்பு. அதைச் சொன்னா அவங்க அம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்.

நான் காலேஜ் படிச்சப்ப, 1998ல, மெட்ராஸ்ல சரிகா ஷான்னு ஒரு பொண்ணு செத்துப் போச்சு, ரோட்டுல ஆட்டோவுல வந்தவனுங்க பண்ணின வேலை. அதுக்கப்புறம்தான் ஈவ் டீசிங் சட்டமே வந்துச்சு. அப்ப எங்க ஹாஸ்டல்ல வார்டன் போட்ட ஒரே உத்தரவு, ஆறு மணிக்கு மேல வெளிய போகக் கூடாதுன்னு. எங்களுக்குத்தான் உத்தரவு.

அந்த லெட்டர் என்கிட்டதான் இருக்கு பாப்பா. அந்தக் காலேஜை விட்டு வரும்போது டிராயரைக் காலி பண்ணினேன், கிழிச்சுப் போட மனசு வரல. பீரோவுல உன் பர்த் சர்டிபிகேட் இருக்கிற கவர்ல இருக்கு. நாலாவது வரியில தேதி கூட எழுதியிருக்கா, யாரும் சொல்லிக் குடுக்காமலே.

மணி ரெண்டாயிருச்சு, சேலரி பில் கெடக்கு. என் நம்பரை அவகிட்ட குடு. தமிழ் தெரியாதுன்னா இங்கிலீஷ்லயே எழுதி அனுப்பட்டும், தேதியும் வரிசையும் சரியா இருக்கான்னு நான் பாக்குறேன். எத்தனை மணியானாலும் பரவாயில்ல. கடைசி மெசேஜ் என்னைக்கு வந்துச்சுன்னு மட்டும் இன்னைக்கே கேட்டுச் சொல்லு.

அம்மா