கொல்லிமலை மேட்டிலிருந்து பத்து நிமிடம்

சேலம்,
நவம்பர் 2025

டேய் பாலு,

மார்ச்சில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டியதையெல்லாம் திட்டிவிட்டுப் படி. அம்மா நலம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு தானே ஊசியில் நூல் கோக்கிறாள். மீனா பத்தாம் வகுப்பு, அதனால் வீட்டில் டிவிக்கு விடுமுறை. குணாவுக்கு மறுபடியும் பெண் குழந்தை. பெயர் வைக்க உன்னைக் கேட்கவே கூடாது என்று அவன் மனைவி சொல்லிவிட்டாளாம், காரணம் உனக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை நான் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வழியாகப் பேசினேன்டா! இந்தக் கையால் செய்த ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு, கொல்லிமலையில் நின்று.

ஹாம் வானொலிக்கு, அதாவது பொழுதுபோக்காகத் தனியார் வானொலியில் பேசிக்கொள்வதற்கு, லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடமாகிறது, அதுவும் உனக்குச் சொல்லவில்லை. வானொலியில் எனக்குப் பெயராக இருக்கும் அழைப்புக்குறி வியூ 3 என்று தொடங்கும். ஆன்டெனா என்றதும் பெரிதாக நினைக்காதே. ஆசாரி வைத்திருக்கும் இரும்பு இஞ்ச் டேப்பைத் துண்டுதுண்டாக வெட்டி, பிவிசி பைப்பில் ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். ஒரே திசையை நோக்கி வேலை செய்யும் யாகி ஆன்டெனாவுக்கு நம் வாத்தியார் போர்டில் போட்ட அதே படம்தான். டேப் என்பதால் மடக்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம், எடுத்தால் தானே நிமிர்ந்துகொள்ளும்.

நாலு நாள் மழைக்குப் பிறகு வானம் வெளுத்ததும் பைக்கை எடுத்துவிட்டேன். ராசிபுரம், சேந்தமங்கலம், காரவள்ளி. பிறகு அந்த எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையாவது வளைவில் நீ பஸ்ஸை நிறுத்தச் சொன்னாய் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, நண்பன் என்பதால் எழுதவில்லை. சோளக்காட்டைத் தாண்டி, சாமை அறுத்து முடிந்த ஒரு மேட்டுக்காடு. காட்டுக்காரர் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். செல்போனில் ஒரு கோடு கூட இல்லை.

ஆறரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் தென்மேற்கில் விண்வெளி நிலையம் எழுந்தது. நம் பக்கம் இருட்டிவிட்டாலும் 400 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கிறதே, அதனால் வெள்ளியைப் போல மின்னிக்கொண்டு, சிமிட்டாமல் ஏறி வந்தது. மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகம். கண்ணால் அதைத் தொடர்ந்தபடியே ஆன்டெனாவையும் திருப்ப வேண்டும். நாம் 145.990 மெகாஹெர்ட்ஸில் பேசினால், அங்கிருக்கும் ரிப்பீட்டர் அதை வாங்கி 437.800-இல் கீழே அனுப்பும். வரும்போது அலைவரிசை கொஞ்சம் மேலே இருக்கும், போகப்போக இறங்கும். ரயில் ஹாரன் நம்மைக் கடக்கும்போது சுருதி இறங்குமே, அதே டாப்ளர்தான். அதற்கேற்ப விரல் குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் இரைச்சல். பிறகு இலங்கையிலிருந்து ஒருவர் குரல், பக்கத்து வீட்டில் பேசுவதுபோல. நான் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். தலைக்கு மேல் தாண்டி வடகிழக்கில் சாயத் தொடங்கியபோது தாய்லாந்துக்காரர் ஒருவர் என் அழைப்புக்குறியை முழுதாகச் சொல்லி "ஃபைவ் நைன்" என்றார், தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது என்று அர்த்தம். நான் இருக்கும் இடத்தைக் குறிக்கும் வரைபடக் கட்டம் எம்கே 91 என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் அந்த வெளிச்சம் பூமியின் நிழலுக்குள் போய் அணைந்தது. கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் இரண்டு நிமிடம் குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. நான் அழுதேன், பாலு. பெரியவர் ஒன்றும் கேட்காமல் ஒரு அன்னாசிப்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதே நிலையத்தில்தான் ஜூன், ஜூலையில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா இருந்தார். அங்கிருந்தபடியே பெங்களூரு யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தோடு ஹாம் வானொலியில் பேசினார். இந்த மாதம் 2-ஆம் தேதியோடு, அங்கே இடைவிடாமல் மனிதர்கள் வாழத் தொடங்கி 25 வருடம். எங்கள் வீட்டுக்கு வரும் பேப்பரில் அதைத் தேடித்தேடிப் பார்த்தேன், ஒரு வரி இல்லை. எனக்கு வந்த கோபத்தில் மீனாவை உட்காரவைத்து முழுக் கதையும் சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த நிலையத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். 2030 வரைதான் வேலை. பிறகு தென் பசிபிக்கில், மனிதர் இல்லாத கடற்பரப்பில் இறக்கப் போகிறார்கள். தள்ளிக் கீழே கொண்டுவரும் கலத்தைச் செய்ய 2024 ஜூனிலேயே நாசா ஸ்பேஸ்எக்ஸுக்கு ஒப்பந்தம் கொடுத்தாயிற்று. 420 டன் எடையுள்ள வீடு. வயதாகிவிட்டது, இறக்கித்தான் ஆக வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன். அடுத்து வரும் நம் நாட்டின் சொந்த விண்வெளி நிலையமான பாரதிய அந்தரிக்ஷ நிலையத்தின் முதல் பகுதியை 2028-இல் ஏவத் திட்டம், 2035-க்குள் முழுதாக முடிப்பார்களாம். அதில் ஒரு ஹாம் ரிப்பீட்டர் இருக்க வேண்டும். இதுதான் ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடாத விஷயம்.

நாம் செய்யாததா? 2005 மே 5-ஆம் தேதி பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட்டில் கார்டோசாட்-1 செயற்கைக்கோளுடன் ஹாம்சாட்டை அனுப்பினார்களே. வெறும் 42.5 கிலோ. முழுக்க முழுக்க எங்களைப் போன்றவர்களுக்காகவே இஸ்ரோ செய்த செயற்கைக்கோள். 2014 வரை உழைத்தது. நான் லைசென்ஸ் வாங்குவதற்குள் அது ஓய்ந்துவிட்டதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பொழுதுபோக்குக்கு இவ்வளவா என்று நீ கேட்பாய். 2004 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கிறதா? கடலூரில் உன் மாமா. எஸ்.டி.டி. பூத்தில் நீ டயல் செய்ய, நான் சில்லறை எண்ண, இரண்டு நாள் லைன் கிடைக்கவில்லை. உன் முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. அதே நாளில் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்கிற பெண்மணியும் அவர் குழுவும், அந்தமானிலிருந்து உலகத்தோடு வானொலியில் பேசிப் பார்க்கலாம் என்று வந்து தங்கியிருந்தார்கள். சுனாமி வந்ததும் அதே கருவிகளை வைத்து, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியை வெளியே அனுப்பினார்கள். இதைப் படித்த அன்றுதான் நான் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கினேன்.

இஸ்ரோவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். உன் ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும், திருத்திக் கொடு. நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஹாம்சாட் பற்றிய பத்தியை மட்டும் வெட்டிவிடாதே.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? இரண்டாவது ஆன்டெனாவுக்கு டேப் வெட்டி வைத்துவிட்டேன். உனக்கு லைசென்ஸ் வரும்வரை கேட்க மட்டும்தான் முடியும். ஆரம்ப நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு தேர்வுக்கு மோர்ஸ் தந்திக் குறியீடு தேவையில்லை, அதனால் பழைய சாக்கு செல்லாது. வரும்போது மல்டிமீட்டரை எடுத்து வா.

உன்
சண்முகம்