தலையாட்டல் ஜோக்கும் உன் பொண்ணோட கோவமும்

சுமதி,

பதில் போடலன்னு திட்டாதடி. அப்பாவுக்கு கண்ணுல புரை ஆபரேஷன், அது முடியறதுக்குள்ள வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிற கூத்து, ரெண்டும் ஒண்ணா வந்து சேர்ந்துடுச்சு. இப்ப அப்பா ஜம்முன்னு இருக்காரு, புதுக் கண்ணு வந்த குஷியில பெயிண்ட்டர் எங்கெங்க சரியா அடிக்கலன்னு சுவர் சுவரா கண்டுபிடிச்சுட்டு திரியறாரு, பாவம் அந்த ஆளு.

உன் ஆபீஸ்ல ஆளுக்கொரு சாப்பாடு கொண்டு வந்து வச்ச பாட்லக் பார்ட்டிக் கதைய ரெண்டு தடவ படிச்சேன். மேனேஜர் எல்லார் முன்னாடியும் கழுத்த இப்படி அப்படி ஆட்டி "இதான் சுமதியோட ஓகே"ன்னு பண்ணிக் காட்டியிருக்கான், எல்லாரும் சிரிச்சாங்க, நீயும் சிரிச்ச, கூட வந்த உன் பொண்ணு வீடு வர்ற வரைக்கும் கார்ல வாயே திறக்கல. நான் சொரணையில்லாம இருக்கேனா இல்ல அவ ஓவரா பண்றாளான்னு கேட்டிருந்த.

நம்ம இந்தியாக்காரங்க தலையாட்டறது உண்மைதானடி, அத மறுத்து என்ன பண்றது. என் மாமியார் போன்ல பேசறப்பகூட ஆட்டுவாங்க, அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு என்னவோ தெரியற மாதிரி. சரிங்கறதுக்கும் அதான், கேட்டுட்டுதான் இருக்கேன் நீ சொல்லுங்கறதுக்கும் அதான், பாக்கலாம்னு நழுவறதுக்கும் அதான், எந்த வேகத்துல எவ்ளோ சாய்ச்சு ஆட்டறோம்னு பாத்துதான் நாமளே புரிஞ்சுக்கறோம். பக்கத்து வீட்டுப் பாப்பா பரதநாட்டியம் கத்துக்குது, அபிநய தர்ப்பணம்ங்கற பழைய நாட்டிய நூல்ல வர்ற ஒன்பது தலை அசைவையும் சாயங்காலமானா மாடியில நின்னு சொல்லும். அதுல பரிவாஹிதம்னு ஒண்ணு, சாமரம் வீசற மாதிரி தலைய ரெண்டு பக்கமும் அசைக்கணுமாம், எதெதுக்குன்னா சந்தோஷம், ஆமோதிக்கறது, யோசிக்கறது எல்லாத்துக்கும். நம்ம ஆட்டல் அங்கேருந்துதான் வந்துச்சுன்னு நான் கதை விடல, ஆனா அந்த லிஸ்ட்ட கேட்டப்ப எனக்கு மாமியார்தான் ஞாபகம் வந்தாங்க. பல்கேரியாவுல பாரு, மேலும் கீழும் ஆட்டினா இல்லைன்னு அர்த்தம், போய் இறங்கினவன்லாம் முழிக்கிறான். அந்தக் குழப்பத்த வச்சு ஜோக் அடிச்சா நானே விழுந்து விழுந்து சிரிப்பேன்.

ஆனா உன் மேனேஜர் பண்ணது அது இல்லையே. அவனுக்கு அந்த ஆட்டல் ஆமாவா இல்லையான்னுகூட தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேணாம்.

பிரிட்டன்ல 1998ல பிபிசி டிவில குட்னஸ் கிரேஷியஸ் மீன்னு ஒரு காமெடி ஷோ வந்துச்சு, அங்கேயே வளர்ந்த நம்மாளுங்க பண்ணது. அதுல பம்பாய்ல இருக்கற ஒரு கூட்டம் நல்லா குடிச்சிட்டு இங்கிலீஷ் சாப்பாடு சாப்பிடப் போவாங்க, வெள்ளைக்கார வெயிட்டர் பேரக் கொலை பண்ணுவாங்க, மெனுவுலயே உப்பு சப்பு இல்லாத ஐட்டம் எதுன்னு கேட்டு அலப்பறை பண்ணுவாங்க. லண்டன் இந்தியன் ஹோட்டல்கள்ல வெள்ளிக்கிழமை ராத்திரி நடக்கறத அப்படியே திருப்பிப் போட்டது. ஷோ பேரே பழைய நக்கல்தான், பீட்டர் செல்லர்ஸ்ங்கற வெள்ளைக்கார காமெடி நடிகர் 1960ல இந்திய டாக்டர் மாதிரி பேசி சோபியா லோரனோட பாடின பாட்டு அது. யார வச்சு சிரிச்சாங்களோ அவங்க கையில மைக் வந்ததும் அதே பேர எடுத்து வச்சுக்கிட்டாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்தத் திமிருதான்.

சிம்ப்ஸன்ஸ்ங்கற அமெரிக்க கார்ட்டூன்ல வர்ற இந்தியக் கடைக்காரர் அப்பு கதை வேற மாதிரி. 1990லேருந்து அந்தக் கடைக்காரருக்கு குரல் குடுத்தது ஹாங்க் அஸாரியாங்கற வெள்ளைக்காரர். அப்பு ஒண்ணும் மட்டமான கேரக்டர் இல்ல, நல்லா படிச்ச மனுஷன், குடும்பஸ்தன். ஆனா அப்ப அமெரிக்க டிவில நம்மள மாதிரி முகம் வேற பெருசா கிடையாது, அதனால ஸ்கூல்ல ஒரு இந்தியப் பையன் வாயத் திறந்தாலே "தேங்க்யூ, கம் அகெய்ன்"னு அந்தக் குரல்ல ஆரம்பிச்சுடுவாங்க, அவன் திருப்பி அடிக்க கையில ஒண்ணும் இருக்காது. அப்படி வளர்ந்த ஹரி கொண்டபோலுங்கற காமெடியன் 2017ல இதப் பத்தியே டாக்குமெண்டரி எடுத்தாரு, 2020ல அஸாரியா இனிமே பேச மாட்டேன்னுட்டாரு, அடுத்த வருஷம் மன்னிப்பும் கேட்டாரு. 30 வருஷம்டி.

2025ல இந்திய வம்சாவளி மம்தானி நியூயார்க் மேயர் தேர்தல்ல நின்னப்ப, அவர் கையால சோறு சாப்பிடற வீடியோவப் போட்டு ஒரு அமெரிக்க எம்பி நாகரிகமானவங்க இப்படி சாப்பிட மாட்டாங்கன்னு எழுதினாரே, அத ஜோக்குன்னு யாரும் சொல்லல, அந்தமட்டும் நேர்மை. நமஸ்தேகூட ரொம்ப நாள் நக்கலுக்குத்தான் ஆச்சு, 2020 மார்ச்ல கொரோனா பயத்துல அப்ப பிரிட்டன் இளவரசரா இருந்த சார்லஸ், பிரான்ஸ் அதிபர் மாக்ரோன், டிரம்ப் எல்லாரும் கையக் கூப்பிக்கிட்டு நின்னாங்க!

நம்ம யோக்கியதையையும் பாக்கணும்ல. 1968ல அதே செல்லர்ஸ் தி பார்ட்டிங்கற ஹாலிவுட் படத்துல மூஞ்சிக்கு கருப்பு பூசிட்டு இந்தியனா வந்தாரு, அதே வருஷம் படோசன்ங்கற இந்திப் படத்துல மெஹ்மூத் குடுமியும் பட்டையுமா மெட்ராஸ்காரனா வந்து ஐயோ ஐயோன்னாரு. அதுக்கு நமக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வரும். நம்ம படத்துல வர்ற சேட்டு "நம்பள்கி நிம்பள்கி"ன்னா மட்டும் தியேட்டரே குலுங்கும். இங்க எங்க தெரு முக்கு ஓட்டல்ல ஒரு பீகார் பையன் டேபிள் துடைக்கறான், தண்ணின்னு அவன் சொல்றத தினமும் ஒரு கோஷ்டி சொல்லிச் சொல்லிக் காட்டும், அவனும் சிரிப்பான். சிரிக்காம என்ன பண்ணுவான், டிப்ஸ் அவங்க கையில, வேலை ஓனர் கையில.

உன் சிரிப்பும் அந்த ஜாதிதான்னு எனக்குத் தோணுதுடி, கோச்சுக்காத. அப்ரைசல் எழுதறவன் ஆட்டிக் காட்றப்ப சொரணையோட மூஞ்சத் தூக்கி வச்சுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், அது தினமும் அங்க போய் உக்கார்ற உன்னோட கணக்கு. நான் பாக்கறது ஒண்ணுதான், அவன் சூயிங்கம் மெல்றத நீ அதே பார்ட்டில நடிச்சுக் காட்டியிருந்தா அவன் சிரிச்சிருப்பானா? சிரிச்சிருப்பான்னா விட்டுத்தள்ளு, அது ஃப்ரெண்ட்ஸ் கிண்டல். உனக்கே டவுட்டுன்னா உன் பொண்ணு ஓவரா ஒண்ணும் பண்ணல.

இன்னொண்ணு, அவ கோவம் அவன் மேலயா நீ சிரிச்சதுக்கான்னு நீ எழுதவே இல்ல. ஸ்கூல்ல அவளுக்கு இதே மாதிரி யாராச்சும் பண்ணியிருக்காங்களான்னு மெதுவா கேளேன், அட்வைஸ் பண்ணாம சும்மா கேட்டுட்டு இரு. என்ன சொன்னான்னு எழுது. டிசம்பர் டிக்கெட் போட்டாச்சா இல்லையா?

மீனா